மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்



ஆண்டு விழா மேடையில் மீனையும் கீரையையும் பற்றிப் பேச வந்த எம்மைக் கண்டு சிலர் முறுவலிக்கக்கூடும். ஆயினும் ஈண்டுக் கூடியுள்ளாருள் பலர் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களினின்று பிழைப்பு நாடி வந்தவர்கள். கோடையில் குளம் வற்றியதும் அடிச்சேற்றை வெட்டித் தென்னைக்கும் வாழைக்கும் இட்டதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மீனின் கழிவு பயிருக்கு உணவாகும் என்பது நமக்குப் புதுச்செய்தியன்று. கொச்சியை அடுத்த பொக்காளி வயல்களில் மழைக்காலத்து நெல்லும் அதன்பின் இறாலும் மாறிமாறி விளைகின்றன.

இன்று அதே நெறியை மண்ணின்றித் தொட்டியிலும் மிதவைப் பாத்தியிலும் நடத்துகின்றனர். இதற்கெனப் பணம் வேண்டி ஊரிலிருந்து வரும் மடல்கள் எமக்கும் உண்டு. குளங்கள் தூர்ந்து, வயல்கள் இரப்பருக்கும் வீட்டுமனைக்கும் இரையான நிலையில், இருக்கும் நீரையே மீளமீளப் பயன்படுத்தும் முறை நன்றே. எனினும், பணம் அனுப்புமுன் கணக்கைப் பாருங்கள்.

நூற்றுக்கு 32 பங்கு புரதமுள்ள மீன்தீனி 1 கிலோவில் ஏறத்தாழ 51 கிராம் நைட்ரஜன் உண்டு. அதில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே மீனின் உடலில் சேரும். எஞ்சியது பெரும்பாலும் அம்மோனியாவாக நீரில் கலக்கும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின் பயிர் விரும்பும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டி நிறைய மீனை விட்டுவிட்டு, செத்து மிதப்பதைக் கண்டு கலங்குவோர் பலர்.

நைட்ரஜன் இவ்வாறு எளிதில் கிடைக்கும். பொட்டாசியமும் சுண்ணச் சத்தும் இரும்பும் அவ்வாறல்ல. மீனுக்கு அவை மிகுதியாக வேண்டாமையால் தீனியிலும் குறைவு. ‘மீன் இருந்தால் வேறு உரமே வேண்டாம்’ என்று விற்போர் கூறும் சொல்லை யாம் ஏற்பதற்கில்லை. நுண்ணுயிர்களின் செயலால் நீர் நாளடைவில் புளிப்பேறும். அதைத் தணிக்க நீற்றிய சுண்ணாம்பையும் பொட்டாசியக் காரத்தையும் அளவறிந்து மாற்றிமாற்றி இட்டால், புளிப்பும் அடங்கும், இரு சத்துகளும் சேரும். கறியுப்பு மட்டும் கூடாது. சோடியம் தேங்கிப் பயிரைக் கெடுக்கும். இளந்தளிர் வெளிறினால் அது பெரும்பாலும் இரும்புக் குறையே.

மேலைக் கடலிலுள்ள வெர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி என்பார் நெடுங்காலம் ஆய்ந்து ஓர் அளவு கூறினார்: மிதவைப் பாத்தியில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீனி. 1 கிலோ தீனி உண்ணும் மீன்களுக்கு 10 முதல் 16 சதுர மீட்டர் பாத்தி போதும். பாத்தி மிகுந்தால் பயிர் வாடும். மீன் மிகுந்தால் நீர் கெடும். கீரைக்கு இவ்வளவு சத்துப் போதும். காய்க்கும் தக்காளிக்குப் பொட்டாசியம் இன்னும் வேண்டும்.

மின்சாரம் நின்றால் என் செய்வது? மீன் நெருங்கிய தொட்டியில் காற்றுக்குழாய் ஓய்ந்தால் சில மணி நேரத்தில் அனைத்தும் மடியும்.

ஆகவே எம் உறவினருக்கு இவ்வாறு எழுதினோம்: முதற்பணத்தில் ஒரு சிறு தொட்டி, பத்துச் சதுர மீட்டர்ப் பாத்தி, மின்கலம் ஒன்று. தளிர் வெளிறாத முதற் கீரை அறுத்த செய்தி வந்தபின் மிச்சப் பணம் வரும்.