மணலை உண்ணும் மனைகள்



வீடு கட்டுவது எளிதன்று என்பதைத் தமிழர் பழமொழியாகவே சொல்லி வைத்தனர். அப்பழமொழி கட்டுகிறவன் படும் பாட்டைச் சொல்லுமேயன்றி, அவனுக்கு மணல் தந்த ஆறு படும் பாட்டைச் சொல்லாது. அந்நாளில் அதற்குத் தேவையும் இல்லை. அள்ளிய மணலை அடுத்த வெள்ளம் கொண்டுவந்து நிரப்பிற்று. இன்றோ, வரும் மணலை அணைகள் மேலேயே தடுத்துவிடுகின்றன. இருக்கும் மணலைப் பொறிகள் கீழே அள்ளுகின்றன.

உலகில் ஓராண்டில் எடுக்கப்படும் மணலும் சரளையும் ஏறத்தாழ 5,000 கோடி டன் என, ஒன்றிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-இல் கணக்கிட்டது. பாலைநிலத்தில் மணலுக்கா குறைவு என்பார் உளர். காற்றில் உருண்டுருண்டு வழவழப்பான அம்மணல் சாந்தில் பிடிப்புக் கொள்ளாது. கடல்மணலின் உப்போ, கற்காரைக்குள் இருக்கும் கம்பியைத் துருவேற்றிவிடும். ஆகவே சுமையெல்லாம் ஆற்றின் தலையில் விழுகிறது.

ஆற்றுமணல் நீரைத் தாங்கி வைக்கும் களஞ்சியம். வெள்ளம் வடிந்த பின்னும் மணலிடுக்கில் தங்கிய நீரே கரையோரக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. மணல் போனால் ஆற்றின் அடி தாழும். அதனோடு கிணற்று நீரும் தாழும். வாய்க்காலின் தலைமடை மேலே நிற்க, ஆற்றுநீர் கீழே ஓடும். கண்ணெதிரே நீர் ஓடியும் வயலுக்கு ஏறாது. கழிமுகங்களில் கடல்நீர் உள்நுழையும். பாலத் தூண்களின் அடி வெளிப்படும். 2018 ஆகத்துத் திங்களில் கொள்ளிடம் பெருகியபோது, திருச்சிராப்பள்ளியில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாள்களுக்குள், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. வரம்பின்றி மணல் அள்ளியதே கரணியம் என்றனர் உழவர், அரசு மறுத்தது. மறுப்பு எவ்வாறாயினும், ஆற்றுமணல் எடுத்து விற்கும் பணியை 2003-இல் அரசே மேற்கொண்டது என்பதை மறத்தற்கில்லை.

கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணல் வந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்வோர், அக்கல்லுக்காகக் குன்றுகள் மறைவதை நோக்குக. ஆற்றைத் தின்ற வாய் மலையையும் தின்கிறது; அவ்வளவே!

தீர்வு கட்டும் முறையில் இருக்கிறது. சிமெண்டு என்னும் பைஞ்சுதைக்குச் சுண்ணாம்புக் கல்லை 1,450 பாகை அளவுக்குச் சுடவேண்டும். உலகு வெளியிடும் கரியமில வளியில் 7 அல்லது 8 விழுக்காடு இத்தொழிலால் வருவது. சுண்ணாம்பு நீறுக்கு 900 பாகை போதும். சாந்து இறுகுங்கால், சுடும்போது விட்ட வளியில் ஒரு பகுதியைத் திரும்ப உள்வாங்கிக்கொள்ளும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தரைத்த அச்சாந்து கோயில் திருப்பணிகளில் இன்றும் உண்டு. இன்னொரு நலம்: சுண்ணச்சாந்தில் பதித்த செங்கல்லை, வீடு இடிக்கும்போது முழுதாய்ப் பெயர்த்து மீண்டும் அடுக்கலாம். பைஞ்சுதையில் பதித்தது உடைந்தே வரும்; உடைந்தது ஏரியில் கொட்டப்படும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டா.

சுண்ணாம்பு இறுக நாள் பிடிக்கும், அடுக்குமாடிக்குப் பொருந்தாது. மெய்தான். ஆயின் நல்ல நிலத்தில் எழும் ஒரு தள வீட்டுக்குச் செங்கற்சுவரே சுமை தாங்குமே! அங்கும் கற்காரைத் தூண் நிறுத்துவது பெருமைக்கன்றி வேறெதற்கு?

இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த இலாரி பேக்கர் (1917–2007), செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைப் பரப்பினார். ஏறத்தாழக் கால்பங்கு செங்கல் மீதமாகும், சாந்தும் குறையும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். பூச்சின்றி அவர் விட்ட சுவர்கள் மேலும் மணலைக் காத்தன. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில், மண்ணோடு 5 விழுக்காடளவு பைஞ்சுதை கலந்து அழுத்திய சுடாத மண்கல்லால் கட்டுகின்றனர். சூளைக்கு விறகும் வேண்டியதில்லை.

சுண்ணாம்பு நீற்றவும் பதம் பார்த்துச் சாந்தரைக்கவும் அறிந்த கொத்தர் அருகி வருகின்றனர். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அவர்களையே ஆசிரியராய் அமர்த்துக! அவர்தம் தொழிற்சொற்களும் அக்கைகளோடுதான் பிழைக்கும். ஊரில் படிப்பகமோ பள்ளியோ கட்ட முனைவோர், மதிப்பீட்டுத் தாளில் மணல் எத்தனை வண்டி என்னும் வரியை முதலில் பார்க்க. அதனைப் பாதியாக்கும் வரைபடத்தைப் பொறியாளரிடம் கேட்க.