அடைத்த கதவைத் திறப்போம்

(சூரமங்கலத்தில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகட்கு முன், என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் மேனிலைத் தேர்வில் நன்கு தேறினான். தந்தை வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி. அவன் சேர விரும்பிய கல்லூரியின் இணையத்தளத்தில், உதவித்தொகை கோருவதற்குரிய இறுதிநாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. இருவரும் அதனைக் கண்டும் பொருள் விளங்காது கடந்தனர். நாள் போயிற்று, அவன் படிப்பில் ஓராண்டும் போயிற்று. தமிழில்லாத பக்கம் தமிழனுக்கு அடைத்த கதவு என்பதை அன்று உணர்ந்தேன்.

நமக்கு அண்மையில், கருப்பூரில், 1997-இல் தோன்றியது பெரியார் பல்கலைக்கழகம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் உழவர் மக்களும் நெசவாளர் மக்களும் பட்டம் பெறும் இடம் அது. இத்தகைய பல்கலைக்கழகங்கள் தம் இணையத்தளத்தைப் புதுக்குங்கால், ஆங்கிலத்தில் எழுதி முடித்தபின் பொறியைக் கொண்டு தமிழாக்கினால் போதுமா? போதாது. தமிழ்ப்பக்கம் தமிழிலேயே எழுதப்படல் வேண்டும். அஃது ஒருவர் பணியன்று, குழுப்பணி.

இதற்கு முன்னோர் வழி உண்டு. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1947-இல் கலைக்களஞ்சியப் பணியைத் தொடங்கிற்று. முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் எல்லாவற்றையும் தாமே எழுதினாரல்லர். துறை வல்லார் எழுதினர். பதிப்புக்குழு செப்பஞ் செய்தது. 1954-இல் முதல் தொகுதியும் 1968-இல் பத்தாம் தொகுதியும் வெளிவந்தன.

அவ்வாறே நாமும் சேர்க்கை, கட்டணமும் உதவித்தொகையும், பாடத்திட்டம், தேர்வும் சான்றிதழும் என நான்கு குழுக்கள் அமைப்போம். ஒவ்வொன்றிலும் செய்தியறிந்த அலுவலர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் இருக்கட்டும். அலுவலர் பொருள் தருக, ஆசிரியர் எழுதுக, மாணவர் படித்து, விளங்காத இடத்தைச் சுட்டுக. எழுதத் தொடங்குமுன் நான்கு குழுவினரும் கூடிப் பொதுச் சொற்பட்டி ஒன்று வகுத்துக்கொள்க. ஒரே பொருளுக்குப் பக்கந்தோறும் ஒரு சொல் என்றால் படிப்பவர் மயங்குவர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திருத்திய நாள் இடம்பெறுக.

நமக்கும் ஓர் எச்சரிக்கை! நம் புலமை விளங்க அருஞ்சொற்களை அடுக்கினால், அதுவும் அடைத்த கதவே. தூய தமிழ் எளிய தமிழாகவும் இருத்தல் வேண்டும். பட்டறைத் தொழிலாளிக்கு விளங்காத பக்கத்தை மீண்டும் எழுதுக.

1944 முதல் 1956 வரை இச்சேலத்துக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய பாவாணர், 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். 1981-இல் அவர் மறைந்தார், பணி மறையவில்லை. முதல் மடலம் 1985-இல் வெளிவந்தது; பின்வந்தோர் தொடர்ந்தனர். இணையத்தளமோ ஆண்டுதோறும் திருத்த வேண்டியது. ஆதலின், தளம் திறந்த அன்றே குழு கலைதல் கூடாது.

ஆசிரியர்களே! மாணவர்களே! குழுவில் உழைக்க விரும்புவோர் இன்றே பெயர் தருக. ஒருங்கே பல்கலைக்கழகத்தை அணுகுவோம். எழுதித்தர அணியமாக இருக்கிறோம் என்போம். குறை கூறுவது எளிது. எழுதிக் கொடுப்பதே தொண்டு.

வாழ்க தமிழ்!