கடையைப் பூட்டியாச்சு, பீரோவை யார் பூட்டுவது?



இன்று அக்டோபர் 2. காந்தி பிறந்த நாள். டாஸ்மாக் கடைக்கு விடுமுறை. காலையில் கிராம சபையில், கடையை ஊரைவிட்டே எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டோம். நானும் கை தூக்கினேன். தூக்கிய கைகளில் எத்தனை, நேற்று மாலையே வரிசையில் நின்று இன்றைய பங்கை வாங்கி வந்து பீரோவில் வைத்த கைகள்? சிரிக்காதீர்கள். அந்த பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று உங்கள் மகனுக்குத் தெரியும்.

21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. கடையில் மீறினால் தட்டிக் கேட்போம். 2003 முதல் சில்லறை விற்பனையையே கையில் வைத்திருக்கும் அரசையும் விடப்போவதில்லை. ஆனால், "தம்பி, ஓடிப்போய் ரெண்டு தண்ணி பாக்கெட், டம்ளர், மிக்சர் வாங்கிட்டு வா" என்று 10 வயதுப் பையனை விரட்டுகிறோமே, அது எந்த அரசு போட்ட உத்தரவு?

சில வீடுகளில் பாட்டிலையே அவன் பையில் போட்டுத் தூக்கி வரச் சொல்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை மது சுமக்க வைத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஊற்றிக் கொடுத்தால் 77-ஆவது பிரிவு, தண்டனை அதேதான். அப்பாவுக்கு விலக்கு என்று அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

"வெளியே கண்டவனோடு குடிப்பதற்கு, வீட்டிலேயே ஒரு மூடி குடிக்கட்டுமே, ஆம்பளப் பிள்ளைதானே" என்பார்கள். வெளியே ஒருவன் டம்ளரை நீட்டும்போது அவனைத் தடுத்திருக்கக்கூடியது, அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம்தான். அதை நீங்களே ஒரு மூடியில் கரைத்துக் கொடுத்துவிட்டீர்கள். 15 வயதுக்கு முன்பே தொடங்குகிறவர்கள் பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு கூடுதல் என்கிறது மருத்துவம்.

தாய்மார்களே, கோபிக்க வேண்டாம். திருவிழா இரவில் பிள்ளை வாடையோடு வருகிறான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு, போய்ப் படு" என்று போர்த்திவிடுகிறீர்கள். மறுநாளாவது, யாரோடு, எங்கே, யார் காசில் என்று உட்கார வைத்துக் கேட்டீர்களா? அடிக்கச் சொல்லவில்லை. அடி வாங்கியவன் அடுத்த முறை பாக்கு மென்றுகொண்டு வருவான். கேட்கச் சொல்கிறேன்.

கடையை எடுக்க ஆட்சியரிடம் மனு கொடுப்போம். அதற்கு நாளாகும். பீரோவைக் காலி செய்ய யார் கையெழுத்தும் வேண்டாம். நாளைப் பகல் 12 மணிக்குக் கடை திறந்துவிடும். அதற்குள் அந்தப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிடுங்கள். மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கவிழ்த்துங்கள்.