மானிப்பாயில் ஒரு வைத்திய ஆசான்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்து இளைஞர் மன்றத்து மேடையில் நின்று ஓர் அமெரிக்க மிஷனரியைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையிலிருக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் நாட்டு வூஸ்டர் நகரில் பிறந்தவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848இல். அந்த ஆண்டிலேதான் கிறீன் மானிப்பாயில் மாணாக்கரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். நாவலர் எந்த இயக்கத்தை எதிர்த்து நின்றாரோ, அந்த இயக்கத்து ஆள்தான் இவர். மதம் பரப்பவே வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரும் அதை மறைக்கவில்லை. நான் பேச வந்தது அவருடைய மதத்தைப் பற்றியன்று, அவர் படிப்பித்த முறையைப் பற்றி.

கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது 1870ஆம் ஆண்டில். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் வகுப்பு நடந்தது என்றால் எண்ணிப் பாருங்கள்! தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். பத்து ஆண்டு உழைத்தபின் 1857இல் தாய்நாடு சென்று, 1862இல் திரும்பி வந்தார். வந்தபின் அவர் செய்த காரியமே பெரிது. 1864ஆம் ஆண்டு முதல் வைத்தியக் கல்வி முழுவதையும் தமிழிலேயே நடத்தத் துணிந்தார்.

ஏன் துணிந்தார்? ஆங்கிலத்தில் படித்த வைத்தியன் அரசாங்கச் சம்பளத்தைத் தேடிப் பட்டினத்துக்குப் போய்விடுவான். தமிழில் படித்தவனோ தன் கிராமத்திலேயே தங்குவான் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியோ பிழையோ, இன்றைக்கும் நம் ஊர்களில் தீராத கணக்கு அது. தம்முடைய மாணாக்கர் உடையிலும் உணவிலும் ஐரோப்பியரைப் போல மாறுவதையும் அவர் விரும்பவில்லை. வேட்டி கட்டிய வைத்தியனே வேட்டி கட்டிய நோயாளிக்கு அருகில் இருப்பவன் என்று எண்ணியிருப்பார் போலும்.

தமிழில் படிப்பிப்பதென்றால் நூல் வேண்டும்; நூலுக்குச் சொல் வேண்டும். மாணாக்கரையும் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம் 1857இல் வெளிவந்தது. இரண வைத்தியம் 1867இல் வந்தது. மனுஷ அங்காதிபாதம் 1872இல் வந்தது. உடற்கூற்றை விளக்கும் பெருநூல் அது. இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டு 1875இல் வெளியிட்டார்கள். தமிழ்ச் சொல் உண்டா என்று முதலில் தேடுவது, இல்லையேல் வடமொழியில் எடுப்பது, அதுவும் அமையாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட முறை. அங்காதிபாதம் என்ற பெயர் இன்று நமக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். ஆனால் பாதாதிகேசம் பாடிக் கேட்ட செவிக்கு அது அந்நியமான சொல்லா?

1873இல் நாடு திரும்பிய பின்னும் வேலையை விடவில்லை. வூஸ்டர் நகரில் இருந்துகொண்டு தமிழ் நூலைத் திருத்திக்கொண்டிருந்தார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவன் என்றே தமது கல்லறையில் பொறிக்க வேண்டுமென்று விரும்பியவர் அவர். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர்கள். மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் உண்டு. தமிழ் வகுப்புத்தான் அவருக்குப்பின் நிலைக்கவில்லை. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சொல்லாக்கும் பணி மட்டும் அற்றுப்போகவில்லை. 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் யார்? நம் காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தர்! அறிவியல் படித்த துறவி, பண்டிதருமானவர். மானிப்பாயில் ஓர் அந்நியர் தொட்ட வேலையை மட்டக்களப்பு நாட்டுத் துறவி ஒருவர் கையேற்றார் என்று நான் சொன்னால், அது மிகையாகாது.

இனி நம்மிடம் வருவோம். கிழக்குப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் மட்டக்களப்பிலேயே இயங்குகிறது. டாக்டர்மாரும் தாதியரும் அங்கே பட்டம் பெறுகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில், உலக அறிவோடு ஒட்டி நிற்க அது வேண்டியதே, அதை நான் குறைகூற வரவில்லை. இலங்கையின் எல்லாப் பகுதியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் அறியாதவர்களும் வருகிறார்கள். ஆனால் களுவாஞ்சிகுடி வைத்தியசாலையில் வரிசையில் நிற்கும் நம் ஆச்சிக்கு ஆங்கிலம் ஏது? "நாரி உளையுது, தலை கிறுதியா இருக்கு, சாப்பிட்டா ஓங்காளம் வருது" என்பாள். நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்பாள். அது இருதய நோயோ மனக்கவலையோ, கேட்பவர்தான் பிரித்தறிய வேண்டும். புத்தகத் தமிழ் தெரிந்த நம் பிள்ளைகளே சில வேளை திகைக்கிறார்கள். அரைகுறையாக விளங்கிக்கொண்டு எழுதும் மருந்து அரை மருந்துதானே!

ஆகவே மன்றத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஊரிலும் அயலூர்களிலும் முதியவர்கள் நோயைச் சொல்லும் சொற்களை எழுதி எடுங்கள். எந்த உறுப்பு, எந்த விதமான நோவு, எப்போது வருவது என்று கேட்டுக் குறியுங்கள். பழைய மருத்துவிச்சிமாரையும் பரியாரிமாரையும் முதலில் கேளுங்கள். அவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஆங்கிலத்தையும், முடிந்தால் சிங்களத்தையும் எழுத மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் உதவலாம். ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். அடுத்த ஆண்டு மலரில் அதை அச்சிட்டால், பிரதிகளை வைத்தியசாலைக்கும் மருத்துவ பீடத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்க நானும் கூட வருகிறேன். கொப்பி வாங்கும் செலவு என்னுடையது.