அதிர்ஷ்ட தேவதையும் அடிமைச் சந்தையும்

(வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எல்லாம் தலையெழுத்து" என்று நம் ஊரில் சொல்வதைப்போல, பழைய ரோமாபுரியில் எதற்கெடுத்தாலும் "பார்ச்சுனா" என்பார்கள். அதிர்ஷ்ட தேவதை! ஒரு கையில் கப்பலின் சுக்கான், மறு கையில் கனியும் தானியமும் வழியும் கொம்பு. கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். யுத்தத்தில் ஜெயிப்பதும் தோற்பதும், பிரபு ஆவதும் அடிமை ஆவதும் அவள் சித்தம் என்று பெரிய மனிதர்கள் ஞானம் பேசினார்கள். அந்த ஞானத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

கி.மு. 168-ல் எமிலியஸ் பாலஸ் என்ற ரோமானியத் தளபதி மாசிடோனிய மன்னன் பெர்சியஸைப் பிட்னாவில் முறியடித்தான். மறு வருஷம் ரோமில் வெற்றி ஊர்வலம். அதற்கு ஐந்து நாள் முன்பு அவன் மகன் ஒருவன் இறந்தான். ஊர்வலம் முடிந்த மூன்றாம் நாள் இன்னொரு மகன். இவ்வளவு பெரிய வெற்றிக்கு அதிர்ஷ்டம் விலை கேட்குமென்று அஞ்சியிருந்ததாகவும், அது நாட்டை விட்டுவிட்டுத் தன் வீட்டோடு போனதே ஆறுதல் என்றும் ஜனங்கள் முன் அவன் பேசினான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனை நாம் ஏளனம் செய்யவில்லை. துக்கம் யாருக்கும் துக்கம்தான்.

ஆனால் அதே கி.மு. 167-ல், சண்டை ஓய்ந்த பிறகு, செனட் சபையின் உத்தரவுப்படி அவன் எபைரஸ் நாட்டில் செய்தது என்ன? ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் பொன்னையும் வெள்ளியையும் ஒப்படைக்கச் சொன்னான். ஒப்படைத்தார்கள். பிறகு ஒரே நாளில், குறித்த வேளையில், எழுபது ஊர்களிலும் சிப்பாய்கள் புகுந்தார்கள். 1,50,000 பேர் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டார்கள்! எத்தனை தாய்மார்கள் எத்தனை பிள்ளைகளைப் பிரிந்தார்களோ? அவர்கள் பேச்சை எந்தச் சரித்திர ஆசிரியனும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய தலையெழுத்தை எழுதியது செனட் சபை. இப்படிப் பிடிபட்டவர்களை வைத்துத்தான் இத்தாலியின் பெரும் பண்ணைகள் நடந்தன.

இருநூறு வருஷம் கழித்து செனிக்கா வந்தார். நீரோ சக்கரவர்த்தியின் ஆசான், பெரும் செல்வர். அடிமையும் மனிதனே, அதிர்ஷ்டம் புரண்டால் எஜமானனும் அடிமையாவான், ஆகவே கனிவாக நடத்துங்கள் என்று கடிதம் எழுதினார். நல்ல வார்த்தை, அந்தக் காலத்தில் அதைச் சொல்லவும் ஆள் வேண்டுமே! ஆனால் அடிமைமுறையையே ஒழிக்கச் சொன்னாரா? இல்லை.

அவர் நீரோவின் ஆலோசகராக இருந்தபோதே, கி.பி. 61-ல், ரோம் நகர அதிபதி பெடேனியஸ் செகுண்டஸை அவனுடைய அடிமை ஒருவன் கொன்றான். பழைய வழக்கப்படி அந்த வீட்டு அடிமைகள் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும். 400 பேர்! பெண்கள் உண்டு, குழந்தைகள் உண்டு. நகரத்து ஏழை ஜனங்கள் பொறுக்கவில்லை, திரண்டு வந்தார்கள். செனட்டில் காசியஸ் என்ற சட்ட நிபுணன் எழுந்து, பயம் காட்டினால்தான் இந்தக் கூட்டம் அடங்கும் என்று வாதாடினான். அவன் பக்கமே ஜெயித்தது. ஜனங்கள் கல்லும் தீவட்டியும் ஏந்தி மறித்தார்கள். நீரோ வழி நெடுகச் சிப்பாய்களை நிறுத்தி, 400 பேரையும் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனான்.

ஏன் இத்தனை பயம்? செனிக்காவே வேறோர் இடத்தில் விஷயத்தைப் போட்டு உடைக்கிறார். அடிமைகளை அடையாளம் காணத் தனி உடுப்புக் கொடுக்கலாமென்று ஒருமுறை செனட்டில் யோசனை வந்ததாம். பிறகுதான் அதிலுள்ள ஆபத்து தெரிந்ததாம்: எஜமானர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று அடிமைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்களே!