தேடுபொறியும் நம் சமுதாயமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தறியோசை கேட்கும் இப்பிள்ளையார்பாளையத்தில், கல்வி ஒன்றே நம் மக்களை உயர்த்தும் என்ற உறுதியுடன் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த கழகத்தின் விழா இது. வாழ்த்துரையோடு அமையாமல், நம் பிள்ளைகள் பலர் இன்று பிழைப்புக்காகக் கற்கும் ஒரு தொழிலைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். இணையத்தளங்களைத் தேடுபொறிகளின் கண்ணில் படும்படி சீர்செய்வது அத்தொழில். அதனைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் எனப்படும் நிரல்கள் இப்போது தாமே செய்யத் தொடங்கிவிட்டன. இதனால் நமக்கு விளையும் நன்மை யாது, கேடு யாது என்பதே இன்றைய பேச்சு.

இது நமக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். 1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை வாரந்தோறும் எழுதினார். அவ்வெழுத்துகள் ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பெற்று ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்ற பெயரில் வெளிவந்தது 1999இல்! இதழ் தோன்றித் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு! இடையில் எத்தனை தலைமுறை மாணவர்கள், நம் முன்னோர் எழுதவே இல்லை என்று எண்ணிக்கொண்டு படிப்பை முடித்திருப்பார்கள்? கைக்கு எட்டாத இடத்தில் கிடக்கும் எழுத்து, எழுதப்படாத எழுத்துக்கே ஒப்பாகும்.

இன்று அறிவைத் தேடுவோர் முதலில் நாடுவது தேடுபொறியை. 1998இல் நிறுவப்பெற்ற கூகுள் முதலிய நிறுவனங்களின் நிரல்கள் ஒவ்வொரு தளமாகச் சென்று, இணைப்புகளைப் பின்தொடர்ந்து, பக்கங்களைப் படித்து ஒரு பேரட்டவணை தயாரிக்கின்றன. நாம் ஒரு சொல்லைத் தேடும்போது அவை புரட்டுவது அவ்வட்டவணையையே. அதில் இடம்பெறாத பக்கம் தேடுவோர்க்கு இல்லாத பக்கம்தான்.

அவ்விடத்தைப் பெறுவதற்குச் சில தொழில்நுட்ப ஒழுங்குகள் உண்டு. எந்தப் பகுதிக்குள் நிரல்கள் வரலாம், எதற்குள் வரக்கூடாது என்று அறிவிக்கும் ‘ரோபோட்ஸ்’ கோப்பு 1994 முதல் வழக்கில் உள்ளது. தளத்திலுள்ள பக்கங்களை வரிசைப்படுத்தித் தரும் ‘சைட்மேப்’ என்னும் முறையை 2005இல் கூகுள் கொண்டுவந்தது. இவற்றோடு பக்கத்திற்குத் தலைப்பு, படத்திற்கு விளக்கம், முறியாத இணைப்பு, விரைவாகத் திறக்கும் தன்மை ஆகியனவும் வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆயினும் ஒரு நெசவாளர் சங்கம் சேலையின் படத்தை மட்டும் வைத்து, அதன் விவரத்தை எழுத்தில் இடாமல் விட்டால், தேடுபவர் போய்ச் சேருவது விசைத்தறிச் சேலையைப் பட்டென விற்கும் வணிகரின் பக்கமாக இருக்கக்கூடும்.

தமிழுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் வகுக்கப்பெற்றன. அவற்றிற்குப் புறம்பாகவும் பல எழுத்துருக்கள் வழங்கின. யூனிகோடு முறையைத் தமிழக அரசு தன் தரமாக ஏற்றது 2010இல். பழைய எழுத்துருவில் ஏற்றப்பட்ட பக்கம் நம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினாலும், தேடுபொறிக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலே. ஊர்தோறும் நம் சங்கங்கள் வெளியிட்ட மலர்களும் துண்டறிக்கைகளும் இவ்வாறோ, வெறும் படங்களாகவோ கிடக்கின்றன.

இக்குறைகளைக் களைவது பொறுமையை உறிஞ்சும் வேலை. முன்பிருந்த கருவிகள் குறையைச் சுட்டிக்காட்டும். திருத்துவது மனிதன் கடமை. முகவரோ அவ்வாறன்று. குறிக்கோளைச் சொன்னால் போதும். தளம் முழுவதையும் தானே சுற்றிப் பார்க்கும். முறிந்த இணைப்புகளையும், தலைப்பில்லாப் பக்கங்களையும், இரட்டிப்பாகக் கிடப்பனவற்றையும் பட்டியலிடும். திருத்த நிரலை எழுதிச் சோதிக்கும். பிழை கண்டால் மீண்டும் முயலும். பல நாள் வேலை சில மணியில் முடியக்கூடும். ஊதியம் கொடுத்து வல்லுநரை அமர்த்த இயலாத நம்மைப் போன்ற கழகங்களுக்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

ஆயின், துணையை முதலாளியாக்கிவிடலாகாது. ‘ரோபோட்ஸ்’ கோப்பில் ‘அனுமதியில்லை’ என்னும் கட்டளையின் பின் ஒரேயொரு சாய்கோடு இட்டால், முழுத் தளத்தின் கதவும் அடைபட்டுவிடும். முகவர் அப்பிழையைச் செய்தால் எவ்வொலியும் எழாது. பக்கங்கள் சிறுகச் சிறுகத் தேடலிலிருந்து மறையும். மேலும், பார்வையாளரைப் பெருக்குவதற்காக ஆயிரக்கணக்கில் வெற்றுப் பக்கங்களை எழுதிக் குவிக்கவும் முகவரால் முடியும். 2024 மார்ச்சில் கூகுள் வெளியிட்ட விதிகள், தரவரிசைக்காக மொத்தமாய் உற்பத்தி செய்யப்படும் பக்கங்களைக் குப்பையாகக் கருதுகின்றன. ஆகவே கடவுச்சொல்லை அதன் கையில் கொடுத்துவிட்டு உறங்குதல் தகாது. அது திருத்தத்தை முன்மொழியட்டும். படித்துப் பார்த்து ஒப்புபவர் நம்மவராக இருக்கட்டும்.

கோர்வைச் சேலை நெய்வதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். கரையின் நாடாவை வீசப் பக்கத்தில் ஒரு துணைக்கை வேண்டும். ஆனால் கரையும் உடலும் பிசகாமல் சேர்கின்றனவா என்று பார்ப்பது தறியில் அமர்ந்தவரின் கண்.

இளைஞர்களே, உங்கள் உள்ளத்திலுள்ள அச்சத்தையும் அறிவோம். தலைமுறையில் முதலாவதாகப் பட்டம் பெற்று, சென்னை நிறுவனங்களில் இவ்வேலையின் முதற்படியில் கால்வைத்தவர்கள் நம்மில் உண்டு. இயந்திரம் முதலில் பறிப்பது அந்த முதற்படியையே. ஏணியின் அடிப்படி முறிந்தால் துன்புறுபவர் மேலே இருப்பவர் அல்லர். அப்போதுதான் ஏற வந்தவர். இதனை மறைத்து இனிப்பாகப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் வரலாறு ஒரு வழியையும் காட்டுகிறது. முன்னாளில் பூவேலைக்குக் கயிறுகளை இழுத்து இழைகளை உயர்த்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1804இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த பொறியில் துளையிட்ட அட்டை அவ்வேலையை ஏற்றது. அத்தகைய துளையட்டையைக் கொண்டே 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு எண்ணப்பட்டது. பிற்காலக் கணிப்பொறிகளும் துளையட்டைகளை உண்டு வளர்ந்தன. கயிறு இழுத்தவரின் வேலை போயிற்று. எந்தத் துளை எந்த இழையை உயர்த்தும் என்று அறிந்தவரின் வேலை நிலைத்தது. ஆதலின், கருவியை இயக்க மட்டும் கற்று அமையாதீர்கள். தளம் எவ்வாறு இயங்குகிறது, தேடுபொறி எவ்வாறு படிக்கிறது என்னும் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள். முகவரின் பிழையைக் கண்டுபிடிக்க வல்லவரே இனி வேண்டப்படுவர்.

இன்னொன்றும் நினைவிற் கொள்வோம். 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் கூகுள் சில கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தானே விடை தொகுத்துத் தருகிறது. அது தொகுப்பது தான் படிக்கக் கிடைத்தவற்றிலிருந்தே. நம்மைப் பற்றி நாம் எழுதியது அதன் கண்ணில் படவில்லையெனில், பிறர் நம்மைப் பற்றி எழுதியதே விடையாக நிற்கும். இழிவாக எழுதப்பட்டவை எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

எனவே மூன்று பணிகளைக் கழகத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, இவ்வெள்ளி விழா மலர் முதலாக நம் வெளியீடுகள் அனைத்தையும் யூனிகோடு எழுத்தில் தளமேற்றுதல். இரண்டாவது, ஆண்டுதோறும் சில மாணவ மாணவியர்க்கு இத்தொழிலின் அடிப்படையைக் கற்பித்தல். மூன்றாவது, முகவரைப் பயன்படுத்தினும் மனிதர் ஒருவர் ஒப்பாமல் எந்த மாற்றமும் செய்வதில்லை என்று விதி வகுத்தல்.

பொதுச் சாலையும் கிணறும் குளமும் அனைவர்க்கும் உரியன என்ற தீர்மானத்தை, 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்து நிறைவேற்றினார். சாலையில் நடக்கும் உரிமைக்கே அன்று சட்டசபை வரை செல்ல வேண்டியிருந்தது. அறிவின் சாலையில் நம் இல்லத்திற்கு வரும் வழியை இன்று நாமே செப்பனிட்டு, நாமே காத்து நிற்போம்.

கழகம் வளர்க! நம் இளைஞர் கல்வி ஓங்குக!