நீர்க்கோயிலும் வளர்ச்சி வங்கியும்



வளர்ச்சி என்னும் பெயரால் ஏழைநாடுகளுக்குள் நுழைவோர் பணத்தை மட்டுமா கொண்டு வருகின்றனர்? அறிவையும் தாமே கொண்டு வருவதாக எண்ணிக்கொள்கின்றனர். அங்குள்ள உழவனிடம் கற்றற்கு ஏதுமில்லை என்பது அவர்தம் முடிவு. அம்முடிவின் விளைவைப் பாலித் தீவிலே காணலாம்.

இந்தோனேசியாவைச் சேர்ந்த அத்தீவில் மலைச்சரிவெல்லாம் படிப்படியாய் நெல்வயல்கள். ஒரு வாய்க்கால் நீரைப் பகிர்ந்துகொள்ளும் உழவர்தம் மன்றத்திற்குச் 'சுபாக்' என்று பெயர். எம்மடையை எப்பொழுது திறப்பது, எவ்வயலை எப்பொழுது நடுவது, எப்பொழுது வெறுநிலமாய் விடுவது என்பனவற்றை நீர்க்கோயில்களிலே கூடி முடிவு செய்வர். கோயில் என்றவுடன் பகுத்தறிவாளர் முகஞ்சுளிக்க வேண்டா. அங்கு நடந்தது நீர்க்கணக்கு!

1970-களில் அரசு புதுநெல் வகைகளைப் புகுத்தியது. உரமும் பூச்சிக்கொல்லியும் கடனாய் வந்தன. பழைய முறை பாராது, இயன்றபோதெல்லாம் நடுக என்றனர். முதலில் விளைச்சல் பெருகியது உண்மையே, அதை மறைப்பானேன்? ஆனால், எங்கேனும் ஒரு வயலில் எந்நாளும் பயிர் நின்றமையால் புகையான் பூச்சிக்கு இரையற்ற நாளே இல்லாமற் போயிற்று. நீர்முறையும் குலைந்தது. உழவர் பழைய முறையை வேண்டினர். 1979-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் பாசனத் திட்டம் தொடங்கிற்று. அதன் வல்லுநர்க்கோ அவ்வேண்டுகோள் வெறும் பழமைப்பற்றாகவே தோன்றியது. தாளில் எழுதப்படாத அறிவு அவர்கட்கு அறிவாகப் படவில்லை.

அமெரிக்க மாந்தவியலறிஞர் இலான்சிங்கும் சூழலியலறிஞர் கிரெமரும் அங்குள்ள ஈராறுகளின் பாசனத்தைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தனர். அனைவரும் ஒருங்கே நட்டு ஒருங்கே அறுத்தால் பூச்சி மாயும்; நீர் போதாது. அவரவர் விருப்பம்போல் நட்டால் நீர் போதும், பூச்சி பெருகும். இவ்விரண்டுக்கும் இடையே மிகுந்த விளைச்சல் தரும் அளவு எது? பொறி காட்டிய விடை, நீர்க்கோயில்களின் பங்கீட்டோடு பெரிதும் ஒத்திருந்தது! உழவன் வாயாற் சொன்னபோது ஏறாதது, பொறி சொன்னபோது ஏறிற்று. 1988-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், கோயில்முறையை ஒதுக்கியது தவறென்று வங்கியே ஒப்புக்கொண்டது. கற்றுக்கொள்ள ஒன்பது ஆண்டுகள்! அதற்குள் பூச்சிக்கு இரையான விளைச்சலுக்கு எவர் ஈடு செய்தார்?

2012-இல் யுனெசுகோ, சுபாக் வயல்களையும் நீர்க்கோயில்களையும் உலக மரபுடைமையாக அறிவித்தது. அவற்றைக் காண வருவோர்க்காகவே, அத்தீவின் நெல்வயல்கள் பல இன்று விடுதிகளாகிக்கொண்டிருக்கின்றன.